உள்ளே நின்று பார்த்தால்தான் ஒழுகல் தெரியும்

(திருவண்ணாமலையில் இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் மார்கழி மாதம் பேசியதன் எழுத்து வடிவம்)



பேசக் கூப்பிட்ட தம்பிகள், "உங்க வேலையைப் பத்திப் பேசுங்க அண்ணே, அது போதும்" என்றார்கள். எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. மொட்டைமாடிப் பழக்கம் இருபத்தாறு வருடமாக உண்டு. ஒழுகல் பார்ப்பது, சுருக்கி போடுவது, தட்டோடு பதிப்பது, மங்களூர் ஓடு மாற்றுவது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாட்டுவது, இதுதான் என் பிழைப்பு. அதனால் கூரையிலிருந்தே தொடங்குகிறேன்.

மார்கழியும் தையும் எங்களுக்கு நல்ல மாதங்கள். மழை விட்டிருக்கும், ஆனால் ஈரம் முழுசாகக் காய்ந்திருக்காது. எங்கே ஒழுகியது என்பதைச் சுவரும் தளமும் அப்போதுதான் காட்டும். சித்திரையில் போனால் வெள்ளை அடித்து மறைத்திருப்பார்கள். வெயிலும் கொளுத்தாது என்பதால் பூச்சு மெதுவாக இறுகும், வெடிப்பு குறையும். மாடிக்கு ஏறியதும் முதலில் குப்பையைக் கூட்டி, மழைத்தண்ணீர்க் குழாயின் வாயை அடைப்பெடுப்போம். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசஞ்செடியை வேரோடு எடுப்போம். சுத்தியல் காம்பால் ஒவ்வொரு தட்டோடாகத் தட்டுவோம். பிடிப்பு விட்டிருந்தால் சத்தம் பொள்ளலாக வரும். வெடிப்பைக் கொத்தி அகலப்படுத்தி அடைப்போம். தண்ணீர் ஓட வாட்டம் சரியா என்று பார்ப்போம். கடைசியில் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விடுவோம்.

இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். கஷ்டமானது ஒன்றே ஒன்று: தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்டுபிடிப்பது. மேலே ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேர்கீழே சொட்டாது. தளத்துக்குள்ளேயே ஊர்ந்து, ஒயரிங் பைப்பில் இறங்கி, பத்தடி தள்ளி ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டும். அதனால் மேலே ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்குள் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஈரக் கறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தச் சுவர் குளிர்ந்திருக்கிறது என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் பாதி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

அங்கேதான் பிரச்சினை.

எட்டு வருடம் முன்னால், டவுனை ஒட்டிய ஒரு ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம். வயதான அம்மா ஒருவர் கூப்பிட்டிருந்தார். "அம்மா, உள்ள வந்து ஒருவாட்டி பாத்துடறேன்" என்றேன். "வேணாம்பா, உள்ள சாமி ரூம்பு. எங்க ஒழுகுதுன்னு நான் சொல்றேன், நீ மேலயே பாத்துக்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். டீயும் கொடுத்தார். இப்போது தனி டம்ளர் கிடையாது, பேப்பர் கப் வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் குடிப்பதென்னவோ எவர்சில்வர் டம்ளரில்தான்.

வெளிப்படியில் ஏறினேன். அவர் ஜன்னல் வழியாக, "தெற்குச் சுவர்லேருந்து நாலடி" என்று சொல்ல, மேலே அளந்து தட்டோட்டைப் பெயர்த்து, பூசி, மறுபடி பதித்தேன். அடுத்த மழையில் அதே இடத்தில் சொட்டியது. பாதிக் கூலி நின்றுபோனது. "உங்க ஆளுங்க வேலையே இப்படித்தான்" என்ற பேச்சு கிடைத்தது. பிறகு வேறொரு கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போய் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். படிக்கட்டு அறைச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் இறங்கிய தண்ணீர், பைப் வழியாக வந்திருக்கிறது. அந்தக் கொத்தனார் என்னிடம் வேலை பழகிய பையன். கெட்டிக்காரன், நல்லவன். அவனிடம் இருந்து என்னிடம் இல்லாதது ஒன்றுதான்: அந்த வாசற்படியைத் தாண்டும் சாதி.

இதை அவமானம் என்று மட்டும் பார்க்காதீர்கள், இதில் காசும் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கிறவன்தான் எஸ்டிமேட் போடுவான். எஸ்டிமேட் போடுகிறவன்தான் மேஸ்திரி. உள்ளே விடப்படாதவன் எத்தனை வருடம் ஆனாலும் மேலே வெயிலில் நிற்கிற கூலியாள்தான். அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவர்களை மேல் கீழாகப் பிரிப்பது வேறு என்று விளக்கினார். நான் அதைப் படிக்கும்போது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

என் அப்பா கூரை வேய்ந்தவர். மஞ்சம்புல், கரும்புத் தோகை. கூரை கட்டும்போது கயிற்றை வாங்கித் திருப்பித் தர உள்ளே ஒரு ஆள் வேண்டும். ஊர்த்தெரு வீடுகளில் அந்த உள் ஆள் எப்போதும் அந்த வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்று அப்பா சொல்வார். கூரை மாறி ஓடு வந்தது, ஓடு மாறித் தளம் வந்தது. உள் ஆள், வெளி ஆள் என்பது மட்டும் மாறவில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முதலாகக் கால் வைத்தது 2023 ஜனவரி 30 அன்று. ஆட்சியரும் போலீசும் கூட நிற்க வேண்டியிருந்தது. கோயில் வாசலுக்காவது ஆட்சியர் வருவார். வீட்டு வாசலுக்கு யார் வருவார்?

இப்போது எங்கள் கூரைக்கு வருகிறேன். என் அம்மா இருப்பது காலனியில், தொகுப்பு வீட்டில். இந்திரா ஆவாஸ் யோஜனா 1985இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கான திட்டமாகத்தான் தொடங்கியது. வீடு கிடைத்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நான் ஏறிப் பார்த்த பழைய தொகுப்பு வீடுகள் பலவற்றில் தளத்துக்கு மேல் தட்டோடே கிடையாது. வெறும் கான்கிரீட்டில் மழை நிற்கும், ஈரம் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்த கம்பி கீழே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். தூங்குகிற பிள்ளை மேல் காரை பெயர்ந்து விழுவது இதனால்தான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மறுநாள் நம் மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண் சரிந்து ஏழு பேர் செத்தார்கள், ஐந்து பேர் குழந்தைகள். அதே டிசம்பர் 13 கார்த்திகை தீபம். நடுவில் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் கிரிவலப் பாதை லாட்ஜுகளின் மாடியில் இருந்தேன். தீபத்துக்கு வருகிறவர்கள் தலையில் சொட்டக் கூடாது அல்லவா? அம்மா வீட்டில் மூன்று இடத்தில் குண்டான் வைத்திருந்தார்கள். கூலியை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. எந்தக் கூரை முதலில், எந்தக் கூரை கடைசியில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்த வரிசை ஒவ்வொரு மழைக்கும் அப்படியே இருக்கிறது.

நமக்கு நல்ல கூரை என்பது எப்போதும் வீட்டு விஷயமாக மட்டும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி வீடு கட்டத் தடை இருந்தது. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் அதில் இருந்தன. 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில், பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய உயரமான கருங்கல் சுவர் மழையில் ஓட்டு வீடுகள் மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். எல்லோரும் தலித்துகள். அங்கே ஒரு கூரையும் தானாக விழவில்லை.

வேலை செய்கிறவன் விழுந்தால்? 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்காக எழுதப்பட்டது. ஒழுகல் பார்க்கப் போவது நானும் ஒரு சித்தாளும்தான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கால் வைத்தால் உடைந்து நேராகக் கீழே போவோம். பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். பலகை எடுத்து வர ஆட்டோ வாடகை கேட்டால் வீட்டுக்காரர் தர மாட்டார்.

உங்களிடம் நான் கேட்பது நான்கு விஷயம்.

ஒன்று. உங்கள் வீட்டுக்குக் கூரை வேலைக்கு வருகிறவரை முதலில் உள்ளே கூப்பிடுங்கள். சமையலறை, சாமி அறை எல்லாம் காட்டுங்கள். உங்கள் அம்மா, பாட்டி தடுத்தால், அந்தச் சண்டையை நீங்கள் போடுங்கள். இணையத்தில் எழுதுவதைவிட அது கஷ்டம், எனக்குத் தெரியும்.

இரண்டு. பலகை, கயிறு, ஹெல்மெட் ஆகியவற்றின் செலவைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். ஈரத் தளத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.

மூன்று. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 வயதிலிருந்து 60 வயது வரை பதியலாம். எங்கள் ஆட்களில் பலர் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் செய்வது உங்களுக்கு அரை மணி நேர வேலை, எங்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். தெருவுக்கு ஒருவர் உட்கார்ந்து செய்துகொடுங்கள்.

நான்கு. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. உங்கள் காலனியில் எத்தனை வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேளுங்கள். ஜனவரி 26 கிராம சபை வருகிறது. அதற்குள் ஈரம் காய்ந்துவிடும், கறை மட்டும் இருக்கும். இப்போதே வீடு வீடாகப் போய் ஃபோட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். எந்த வீட்டில் எது கூரைக் கோளாறு, எது சுவர்க் கோளாறு என்று பார்த்துச் சொல்ல நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு மாடியிலிருந்து தொடங்கலாம். அங்கே இன்னும் தட்டோடு போடவில்லை. வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வாருங்கள். முதலில் உள்ளே வந்து பார்த்துவிட்டு, அப்புறம் மேலே ஏறுவோம்.