கொடுத்தோர்க்கும் கொண்டோர்க்கும் ஒரே கணக்கு

இன்று பட்டதாரிகளாக இம்மண்டபத்தை விட்டு வெளியேறவிருக்கும் இளைஞர்களே, யுவதிகளே,

நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிற் பிறந்து, உத்தியோக காலம் முழுவதையும் மாவட்டச் செயலகங்களின் திட்டமிடற் பிரிவுகளிலே கழித்த என்னை இம்மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். இத்தகைய விழாக்களில் இலட்சியங்களைப் பற்றிப் பேசுவது சம்பிரதாயம். நானோ கோப்புகளைப் பற்றிப் பேசப் போகிறேன். யுத்தம் முடிந்த பின்னர் வன்னியில் எழுந்த வீடுகளும் பாதைகளும் வகுப்பறைகளும் கணிசமான அளவில் கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளின் பொதுப் பணத்தினால் எழுந்தவை. உங்களிற் பலர் நாளை அத்தகைய செயற்றிட்டங்களை நடத்தப் போகிறவர்கள். ஒரு நாட்டுக் குடிகள் செலுத்திய வரி இன்னொரு நாட்டுக் குடிகளின் முற்றத்திலே செங்கல்லாக மாறும்போது அதற்குப் பொறுப்பாளி யார் என்ற வினாவை எதிர்கொள்ளாமல் உங்களால் ஒரு பற்றுச்சீட்டிலும் ஒப்பமிட முடியாது.

பணம் இப்படிக் கடல் கடப்பது நம் காலத்துப் புதுமையன்று. சோழர் இந்நாட்டின் வடபாகத்தை ஆண்ட நாளில், சோழமண்டலத்தைச் சேர்ந்த தாழி குமரன் என்பான் மாதோட்டத்திலே இராசராச ஈச்சரம் என்னுங் கோயிலை எடுப்பித்து நிவந்தம் விட்ட செய்தியைப் பொறித்த கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அக்காலத்திலேயே ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்டதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. தானம் எப்போதும் ஒரே திசையிற்றான் ஓடிற்று என்று நினைப்பவர்களுக்கு இதனை ஞாபகப்படுத்துவது நல்லது. என்னை அதிகம் கவர்வது அக்கல்வெட்டுகளின் கணக்குப் புத்தியே. கோயிலில் ஒரு நுந்தாவிளக்கு எரியத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்டால், கொடுத்தவன் பெயரோடு அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையன் பெயரும், அவன் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓருழக்கு என்பதும், ஆடு செத்தாலும் மூத்தாலும் தொகை குறையலாகாது என்னும் நிபந்தனையும், ஊரார் எவரும் வாசிக்கக்கூடிய சுவரிலே ஏறின. விளம்பரமும் ஒப்பந்தமும் கணக்காய்வும் அங்கே ஒரே கல்லில் இருந்தன. பிற்காலத்தில் அவற்றைத் தனித்தனி அலுவலகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தோம். பங்கிட்டதில் ஏதோ ஒன்று நழுவிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

நாம் நேரிற் கண்ட பெருஞ்செயற்றிட்டம் இந்திய வீட்டுத்திட்டம். 2010 ஜூனில் ஐம்பதினாயிரம் வீடுகள் என்று அறிவிக்கப்பட்டு, ஆயிரத்து முந்நூறு கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட நன்கொடையாக வளர்ந்த அத்திட்டத்தில், வடக்கு கிழக்குக்கு மாத்திரம் நாற்பத்தாறாயிரம் வீடுகள். எஞ்சிய நாலாயிரம் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு. முதற் கட்டத்து ஆயிரம் வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டினர். அவை 2012 ஜூலையிலேதான் நிறைவெய்தின. இரண்டு வருஷத்துக்கு ஆயிரம் வீடென்றால் ஐம்பதினாயிரத்துக்கு எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் தம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கே சாவி கிடைக்கும் என்று கண்டிருப்பார்கள்.

2012 ஒக்ரோபர் 2 ஆம் திகதி, காந்தி பிறந்த நாளிலே தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறை அடியோடு மாறிற்று. வீட்டைக் கட்டும் பொறுப்பு வீட்டுக்காரரிடமே விடப்பட்டது. புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம். அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து உறுதிப்படுத்த, இந்திய உயர்ஸ்தானிகராலயம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே பணத்தை நேராக அனுப்பியது. ஐக்கிய நாடுகளின் மனித குடியிருப்பு நிறுவனமும், செஞ்சிலுவைச் சங்கமும், தேசிய வீடமைப்பு அதிகார சபையும், இன்னுஞ் சில நிறுவனங்களும் பக்கத்தில் நின்று வழிகாட்டினவேயன்றிச் செங்கல்லைத் தொடவில்லை. பத்துப் படிவங்களுக்கு மேல் தன் வாழ்நாளில் ஒப்பமிட்டறியாத ஒரு தாய், மேசனோடு கூலி பேசி, மணல் லோட்டுக்கு விலை பேசி, சீமெந்து மூட்டையை எண்ணி வாங்கி, குசினியின் வாசல் எத்திசையைப் பார்க்க வேண்டும் என்று தானே தீர்மானித்த அந்நாட்களில், செயற்றிட்ட முகாமைத்துவம் என்று நீங்கள் நாலு வருஷம் படித்த சாத்திரத்தின் சாரத்தை முல்லைத்தீவுப் பெண்கள் பல்லாயிரம் பேர் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டே அப்பியாசித்தார்கள்.

இதனை வெறும் புகழ்ச்சியாக விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. வன்னி முழுவதும் ஒரே காலத்தில் வீடு கட்டியதால் மணலும் மரமும் விலையேறின, மேசனுக்குத் தட்டுப்பாடு, ஐந்தரை இலட்சம் போதாமல் நகையை அடகு வைத்தவர்களும், குறிக்கப்பட்ட அளவுக்கு மேலே ஓர் அறையை ஆசையோடு கூட்டிக் கட்டிக் கடனாளியானவர்களும் எங்கள் ஊர்களில் அநேகர். அதனிலும் பெரிய குறை காணி. இடம்பெயர்ந்தோர் இருந்த மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டபோது இறுதியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தங்கள் ஊருக்குப் போகவில்லை. அவர்களுடைய வயலும் தோட்டமும் இராணுவ வேலிக்குள்ளே இருந்தமையால், வற்றாப்பளைக்கு அண்மையிலுள்ள சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டார்கள். 2017 இல் அவர்கள் தெருவோரத்திற் பந்தலிட்டு இருந்தது காணிக்காகவே. வீட்டுக்குரிய பணம் பாக்கு நீரிணையைக் கடந்து வந்துவிட்ட நாட்டில், ஒரு முட்கம்பி வேலியைக் கடந்து காணி வரவில்லை. எல்லை என்றால் இரு நாடுகளுக்கு இடைப்பட்டது மாத்திரம் என்று திட்ட ஆவணங்கள் கருதுகின்றன. வேலைக்குப் போனபின்புதான் மற்ற எல்லைகள் உங்களுக்குத் தெரியவரும்.

இந்திய வீடுகள் பெரும்பாலும் எழுந்துவிட்ட பின்னர், அறுபத்தையாயிரம் இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஓர் ஆலோசனை கொழும்பிலிருந்து வந்ததை நீங்கள் சிறுவயதிற் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வெயிலையும் உப்புக் காற்றையும் அறிந்தவர்கள் கல்வீடு கேட்டார்கள், எதிர்ப்புக் கிளம்பிற்று, அத்திட்டம் சொல்லப்பட்டபடி நடைபெறவில்லை. தங்கள் கையால் வீடு கட்டிப் பழகிய மக்கள் விலைப்பட்டியலை வாசிக்கவும் பழகிவிட்டார்கள் என்பதைத் தவிர அதைப்பற்றி நான் சொல்ல வேண்டியது வேறொன்றுமில்லை.

எங்கள் ஊரில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் கோயிலைக் காணாதவர் இம்மண்டபத்தில் இருக்கமாட்டார்கள். மதுரையை எரித்துவிட்டு இலங்கைக்கு வந்த கண்ணகி பல இடங்களில் இளைப்பாறிக் கடைசியாக இருந்த இடம் வற்றாப்பளை என்பது எங்களுடைய ஐதிகம். அவளுடைய சரித்திரத்தைப் புலவர் ஒருவிதமாக வாசிப்பார். முப்பது வருஷம் கோப்புப் பார்த்தவன் இன்னொருவிதமாக வாசிக்கிறான். பாண்டியன் கொடியவனல்லன், பேராசைக்காரனுமல்லன். பொற்கொல்லன் சமர்ப்பித்த அறிக்கையை நேரிலே பரிசோதிக்காமல் ஒப்பமிட்டவன், அவ்வளவே. கண்ணகி சபைக்குக் கொண்டுவந்தது கண்ணீரை மாத்திரமன்று, உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது முத்தோ மாணிக்கமோ என்று எவருக்கும் தெரிந்துவிடக்கூடிய சாட்சிப் பொருளை. லிண்டல் மட்டம் முடிந்தது என்று தலத்துக்குப் போகாமலே எழுதுகிற பேனாவை நீங்கள் என்றாவது கையில் எடுக்க நேர்ந்தால், எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்துபோங்கள்.

இனி விளம்பரம். வெளிநாட்டுப் பொதுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு விளம்பரம் ஒரு நிபந்தனை, அதிலே தவறில்லை. தவறு அதன் உள்ளடக்கத்திலே நேர்கிறது. நான் பார்த்த பலகைகளில் இரண்டு நாட்டுக் கொடிகள் இருக்கும், திறந்துவைத்த கனவான்களின் பெயர்கள் பருமன் வாரியாக இருக்கும். தொகை சில சமயம் இருக்கும். அது நன்கொடையா கடனா என்பது அபூர்வமாகவே இருக்கும். 2015 மார்ச் 14 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி தலைமன்னாரில் இரயிலுக்குக் கொடியசைத்ததும், யாழ்ப்பாணம் இளவாலையில் வீடுகளைக் கையளித்ததும் ஒரே நாளில். வீடுகள் நன்கொடை. தலைமன்னார்ப் பாதையும், 1990 இல் நின்றுபோன யாழ்தேவி இரயிலை 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் கொண்டுவந்த பாதையும் இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் அமைத்தவை. அக்கடனைத் திருப்பிச் செலுத்துகிறவர்கள் இந்நாட்டு வரியிறுப்போர், அதாவது இம்மண்டபத்தில் இருக்கும் நீங்களும் நானும். இரண்டையும் ஒரே மூச்சில் "இந்தியா தந்தது" என்று ஊரார் சொன்னால் குற்றம் ஊராரிடம் இல்லை. கடனுக்கு நன்றி சொல்லலாம், ஆனால் வட்டி வீதத்தைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, வெளிநாட்டு நிதியெனின் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியெனின் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட எந்தச் செயற்றிட்டத்தின் விபரத்தையும், அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் அதனாற் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தெரிவிக்கும் கடமையை அமைச்சர்மீது சுமத்துகிறது. கிராம அலுவலரின் அறிவித்தற் பலகையில் அத்தகைய தாளொன்று மூன்று மாதம் முன்னதாக ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் இச்சபையில் எத்தனை கைகள் உயரும் என்று எனக்குத் தெரிந்திருப்பதால் நான் கேட்கவில்லை. ஆனால் நாளை அத்தாளைத் தயாரிக்கும் மேசையில் உட்காரப்போகிறவர் உங்களில் ஒருவராகவே இருப்பார்.

எல்லை கடக்கும் பணத்துக்கு வேறொரு முறையும் உண்டு. ஐரோப்பாவிலே 1990 முதல் நாட்டெல்லைக்கு இருபுறமும் உள்ள பிரதேசங்கள் சேர்ந்து நடத்தும் அபிவிருத்திக்கென்று இன்ரெறெக் என்னும் பெயரால் பொது நிதி ஒதுக்குகிறார்கள். அப்பிரதேசங்களுள் நமக்கு மிக நெருங்கியது வட அயர்லாந்து. பல தசாப்தக் கலவரத்துக்குப் பின்னர் 1994 இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது, அடுத்த வருஷமே ஐரோப்பிய ஒன்றியம் சமாதானத்துக்கென்று தனி நிதித்திட்டத்தைத் தொடங்கிற்று. 1998 சமாதான உடன்படிக்கையின் பயனாக, அந்நிதியை நிர்வகிப்பதற்கு எல்லையின் இரு பக்கத்து அரசுகளுக்கும் பொறுப்புச் சொல்லும் ஒரு பொதுச் சபையே அமைக்கப்பட்டது. அந்நிதியில் டெரி நகரின் ஃபொய்ல் ஆற்றுக்குக் குறுக்கே, ஒரு கரையிலே கத்தோலிக்கரும் மறுகரையிலே புரொட்டஸ்தாந்தரும் பெரும்பான்மையாக வாழும் இடத்தில், நடப்பவர்க்கும் சைக்கிளோட்டுவோர்க்கும் உரிய சமாதானப் பாலம் 2011 ஜூனிலே திறக்கப்பட்டது. பாலத்தின் அழகைவிட அப்பொதுச் சபையே எனக்குப் பொறாமையைத் தருகிறது. எங்களுக்கு வந்த உதவிகள் புதுடில்லியும் கொழும்பும் பேசி முடித்தவை. முல்லைத்தீவும் நாகபட்டினமும் ஒரே மேசையில் இருந்து எது முதலில் வேண்டும் என்று பேசியதன் விளைவாக எழுந்த ஒரு செயற்றிட்டத்தை நான் அறியேன்.

அப்படியொரு மேசை இருந்திருந்தால் எங்கள் கடற்றொழிலாளர் முதலில் வீட்டைக் கேட்டிருப்பார்களா, வலையைக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். வீட்டைத் தந்த கரையிலிருந்தே எங்கள் வலைகளை அறுக்கும் இழுவைமடிப் படகுகளும் வருகின்றன. 2016 இல் இரு அரசுகளும் மீன்பிடிக்கெனக் கூட்டுச் செயற்குழு அமைக்க இணங்கின, 2017 இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தினால் தடைசெய்தது, படகுகள் நிற்கவில்லை. அபிவிருத்தி ஒரு கோப்பிலும் சச்சரவு இன்னொரு கோப்பிலும் இருக்கும்வரை இரண்டையும் ஒருங்கே பார்க்கும் உத்தியோகத்தர் எவருமில்லை.

அந்த இந்திய வீடுகளுக்கு இப்போது வயது பத்தைத் தாண்டிவிட்டது. ஓட்டுக்குக் கீழேயுள்ள சலாகை உளுக்கத் தொடங்கும் வயது அது. வீட்டைக் கட்டப் பணம் வந்தது, பேணுவதற்கு ஒரு ரூபாவும் எழுதப்படவில்லை. ஆடு மூத்தாலும் தொகை குறையலாகாது என்று எழுதிய முன்னோரைப் போல எவரும் யோசிக்கவில்லை. யாருக்கு எவ்வளவு, எந்தத் திகதியில், எந்தக் கட்டத்துக்கு என்ற விபரங்களெல்லாம் கறையான் புகக்கூடிய அலுமாரிகளிலே கிடக்கின்றன. அவற்றை எழுதிய உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். உங்களில் மேற்படிப்பை நாடுவோர் அக்கோப்புகளை அனுமதி பெற்று வாசியுங்கள். பிரதேச செயலாளர்கள் மறுக்கமாட்டார்கள், மறுத்தால் சட்டத்தின் இலக்கத்தை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். பின்பு அவ்வீடுகளுக்குப் போய், அடகு வைத்த நகை திரும்பிற்றா, கூட்டிக் கட்டிய அறை முடிந்ததா, கூரை ஒழுகுகிறதா என்று அம்மாமாரிடம் கேட்டு எழுதுங்கள். ஆங்கில அறிக்கைகள் தூதரகங்களுக்கு ஏற்கெனவே போய்விட்டன. நீங்கள் தமிழில் எழுதுங்கள். நாகபட்டினத்திலும் இராமேசுவரத்திலும் அதை வாசிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்தரை இலட்சத்தில் அவர்கள் செலுத்திய வரியும் சேர்ந்திருக்கிறது, அது எப்படிச் செலவாயிற்று என்று இதுவரை அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.