வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை

வெள்ளைச் சட்டை எடுத்து ஆறு மாசம்கூட ஆகியிருக்காது. அக்குள் பக்கம் மட்டும் மஞ்சளாகி, துணியே மொடமொடன்னு விறைச்சுப் போயிருக்கும். பழியை வேர்வை மேல போடுறோம். ஆனா வேர்வைக்குன்னு தனியா நிறம் கிடையாது. வேர்வையை அடக்கப் பூசுறதுல அலுமினிய உப்பு இருக்கு. அது வேர்வையோட சேர்ந்துதான் பெரும்பாலும் அந்த மஞ்சள் படியுது.

அக்குள்ல பூசுறதுக்குக் கடையில ரெண்டு வகை உண்டு. டியோடரன்ட் நாற்றத்தை மட்டும் தடுக்கும். வேர்வை வரத்தான் செய்யும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட்தான் வேர்வைத் துளையைக் கொஞ்ச நேரத்துக்கு அடைக்கும், அலுமினியம் இருக்கிறது இதுலதான். நாற்றம் மட்டும்தான் தொந்தரவுன்னா முதல் வகையே போதும்னு நான் சொல்லுவேன். ரெண்டாவதுதான் வேணும்னா, ராத்திரி படுக்கப் போறப்ப, நல்லா உலர்ந்த தோல்ல பூசுங்க. காலையில பூசின ஈரம் காயறதுக்குள்ள சட்டையை மாட்டினா, பாதி துணிக்குத்தான் போகும்.

சரி, விழுந்த கறைக்கு? பிளீச்சிங் பக்கம் போகாதீங்க. குளோரின் பட்டா மஞ்சள் இன்னும் கூடும். வெள்ளை வினிகர் கலந்த தண்ணியில அரை மணி ஊறவிட்டு அலசுங்க. அப்புறம் சமையல் சோடாவைக் குழைச்சுத் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால மெல்லத் தேயுங்க. கறை போறதுக்கு முன்னாடி இஸ்திரி மட்டும் வேண்டாம், சூட்டுல அது துணியோடயே இறுகிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சட்டை நனையுற அளவுக்கு வேர்க்குதா? வெட்கப்படாம தோல் டாக்டரைப் பாருங்க. அதுக்கு நல்ல மருத்துவம் இருக்கு.