தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
(கிளைக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் பேசியது)



முப்பது வருஷம் செக்ரோல் எழுதிய கை இது. இன்று நம் பிள்ளைகளின் கல்லூரிப் பாரங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாரங்களில் தகப்பன் என்ன வேலை, தாய் என்ன வேலை, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். நம்மவர்கள் இடறுவது அங்கேதான்.

சென்ற வருஷம் ஒரு பையன் வந்தான். தகப்பன் தொழில் 'சூப்பர்வைசர்' என்று எழுதியிருந்தான். அவன் தகப்பனோ விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவர். "ஏன் தம்பி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். நான் கோபிக்கவில்லை. நானும் பால்மரம் வெட்டியவர் மகன்தான். அந்தக் கூச்சம் எனக்கும் தெரியும். ஆனால் பாரத்தில் ஒரு வேலை, சம்பளச் சீட்டில் வேறு வேலை என்றிருந்தால், படிக்கிற அதிகாரி எதை நம்புவார்?

1997-இல் ஏற்பட்ட பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனைக் குடும்ப வருமானத்தைப் பார்த்தே அளக்கிறது. எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு முழுத்தொகைக்கு வழியுண்டு. வருமானம் ஏற ஏறக் கடன் குறையும். குடும்ப வருமானம் என்றால் தாயின் சம்பளமும் சேர்ந்ததுதான். அதை மறைக்காதீர்கள், சேமநிதிக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

நம் சம்பளம் மாதாமாதம் ஒன்றாகவா இருக்கிறது? மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். போனஸ் வந்த மாதத்துச் சீட்டை மட்டும் இணைத்தால், வருஷம் முழுவதும் அப்படியே வாங்குவதாகத் தோன்றும். ஆகவே பல மாதச் சீட்டுகளையும், சேமநிதி ஆண்டுக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். மாதம் 1,700 வெள்ளி சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 187 வெள்ளி, முதலாளி பங்கு 221 வெள்ளி. அந்த எண்களைப் பார்த்தாலே மாத வருமானம் விளங்கிவிடும்.

குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்கள் பாடு வேறு. கையில் காசு, சீட்டும் இல்லை, சேமநிதியும் இல்லை. அதனால் சிலர் 'வேலையில்லை' என்றே எழுதிவிடுகிறார்கள். அது பொய், பிள்ளைக்கும் ஆபத்து. வேலையை உள்ளபடி எழுதி, வருமானத்தை உறுதிசெய்யும் கடிதம் வாங்கி இணையுங்கள். 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1957-ஆம் வருஷ விதிகள், சம்பள விவரத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்கின்றன. அதைக் கேட்பது பிச்சையல்ல. கேட்கப் பயமாயிருந்தால் கிளைக் காரியதரிசியிடம் சொல்லுங்கள்.

உடல் முடியாமல் சொக்சோவின் இயலாமைப் பென்ஷன் வாங்குகிறவர்கள் 'ஓய்வு' என்று ஒற்றைச் சொல் எழுதி முடிக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குச் சொக்சோவிலேயே கல்விக் கடன் வசதி இருக்கிறது. சொக்சோ சந்தா கட்டிய தகப்பன் இறந்து, குடும்பம் பென்ஷன் வாங்கினால் அந்தப் பிள்ளைகளும் கேட்கலாம். நம் லயங்களில் எத்தனை விதவைத் தாய்மாருக்கு இது தெரியும்?

கடைசியாக, இங்கே வந்திருக்கும் கிராணிமார்களுக்கு ஒன்று. பல வருஷங்களுக்கு முன் ஓர் அம்மாள், மகன் பாரத்துக்கு வேண்டுமென்று சம்பளக் கடிதம் கேட்டு ஆபீஸ் ஜன்னலில் நின்றாள். மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற அவசரம். "அடுத்த வாரம் வாம்மா" என்றேன். அடுத்த வாரம் வந்தாள்; கடிதமும் கொடுத்தேன். ஆனால் பாரம் அனுப்பும் தேதி தாண்டிவிட்டது. அந்தப் பையன் ஒரு வருஷம் தொழிற்சாலைக்குப் போய்விட்டு, மறு வருஷம்தான் படிக்கப் போனான். அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். உங்கள் ஜன்னலுக்கு யாராவது கடிதம் கேட்டு வந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பேன். பாரம் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். சம்பளச் சீட்டை வீட்டில் விட்டு வந்தவர்கள் போய் எடுத்து வாருங்கள், இருட்டும்வரை இருக்கிறேன்.