புகார் கொடுத்த பிறகு…
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போக்சோ சட்டம் பற்றி நாம் பல பயிற்சிகளில் கேட்டிருக்கிறோம். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். 1098, 14417 என்ற எண்கள் நம் பள்ளிச் சுவர்களில் இருக்கின்றன. இவை எல்லாம் ஒரு குழந்தை வாய் திறந்து சொல்வதற்கான ஏற்பாடுகள். சொன்ன பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என் மாணவி ஒருத்தி காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வரை போன நாட்களில் அவள் கூடப் போனவள் நான். அவள் பெயர், வகுப்பு, ஊர், ஆண்டு எதையும் சொல்ல மாட்டேன். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளியின் பெயர் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவும், ஓய்வறைப் பேச்சும்கூட ஒரு குழந்தையைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் பெண் என்னிடம் முதலில் கேட்டது தண்டனையைப் பற்றி இல்லை. "கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுமா டீச்சர்?" என்றுதான் கேட்டாள்.

முதலில் புகார். 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. ஆசிரியர் நேரடியாகவே சொல்லலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் பணியாற்றுபவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. "முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். விசாரிப்பது காவல்துறையின் வேலை. நம்மிடம் குழந்தை சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்தால் போதும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லக் கூடாது.

அடுத்து வாக்குமூலம். காவலர் சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ வைத்துக் கேட்க வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி கேட்க வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையை மருத்துவப் பரிசோதனை செய்பவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே பரிசோதனை செய்யலாம். சம்பவம் நடந்து சில மணி நேரமே ஆகியிருந்தால், உடுத்திய துணியைத் துவைக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லுங்கள்.

இந்த இடங்களில் எல்லாம் பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கூலி வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இந்த உரிமைகள் தெரியாது. தெரிந்தாலும் அலுவலகத்தில் கேட்கத் தயங்குவார்கள். நாம் பக்கத்தில் இருந்து, மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேட்டால் கிடைக்கும்.

காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். அந்தக் குழு, விசாரணையும் வழக்கும் முடியும் வரை குழந்தைக்கு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். இந்த ஏற்பாட்டைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. ஆகவே, "ஆதரவு நபர் யார்?" என்று நாமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கைக்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இதற்குப் பிறகு வருவது காத்திருப்பு. குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்பது 35ஆம் பிரிவு. நடைமுறையில் வாய்தா வரும். நாங்கள் மூன்று முறை போனோம். இரண்டு முறை வாய்தா. ஒவ்வொரு முறையும் முதல் நாள் இரவு அவள் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். குழந்தை படிப்பை விடுவது இந்தக் காலத்தில்தான். ஊராரும் உறவினரும் "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுக்கு வருவதும் இந்தக் காலத்தில்தான். 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் இதற்கு விடை கிடைத்தது. ஆசிரியர் மீது மாணவி தரப்பில் கொடுத்த புகாரை, இரு தரப்பும் சமரசமாகிவிட்டதாகக் கூறி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. சமரசம் பேச வருகிறவர்களிடம் சொல்ல நமக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது.

காத்திருக்கும் மாதங்களில் பள்ளி என்ன செய்யலாம்? என் மாணவிக்கு வகுப்பில் ஒரு சிறு பொறுப்பு இருந்தது. "பாவம், அவளுக்கு எதற்கு, வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம்" என்று ஒரு பேச்சு வந்தது. நாங்கள் மாற்றவில்லை. தினமும் காலையில் அந்த வேலையைச் செய்வதற்காகவே அவள் நேரத்துக்கு வந்தாள். நீதிமன்றம் போன நாளின் பாடத்தை மறுநாள் மாலை சொல்லிக் கொடுத்தோம். தேர்வு நாளில் வாய்தா வந்தபோது அவளுக்குத் தனியாகத் தேர்வு வைத்தோம். மற்ற பிள்ளைகளிடம் காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சாட்சி சொல்லும் நாள். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி திரையோ காணொலியோ பயன்படுத்த வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். இடையிடையே ஓய்வும் கேட்கலாம். ஆனால் அறைக்கு வெளியே வராந்தாவில் அந்த ஆளின் உறவினர்கள் நின்றிருந்தார்கள். நீதிமன்ற ஊழியரிடம் கேட்டு வேறு அறையில் உட்கார்ந்தோம். அன்று நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "நடந்ததை நடந்தபடி சொல். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொல். கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்." இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கக் கூடாது. நாம் சொல்லிக் கொடுத்ததாகத் தெரிந்தால் வழக்கே பலவீனமாகும்.

கடைசியாக, நம் மேசையில் இருக்கும் பதிவேடு. போக்சோ வழக்கில் வயதுதான் அடித்தளம். 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், மாற்றுச் சான்றிதழையும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் வயதுக்கு ஆதாரமாக ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அவை இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தரும் பிறப்புச் சான்று என்ற வரிசையில் சட்டம் கேட்கிறது. சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் தேதியைச் சரியாக எழுதுவது எழுத்தர் வேலை மட்டும் என்று நினைக்காதீர்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வரி தேவைப்படலாம்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால் வழக்கையும் சொன்னதாகிவிடும். அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்று ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய மூன்றின் எண்களையும் உங்கள் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் தேட நேரம் இருக்காது.