பல் நிற அடைப்பு எத்தனை நாள் தாங்கும்?



"பல்லை அடைச்சாச்சு, இனி கவலையில்லை" என்று உங்களில் பலர் இருந்துவிடுகிறீர்கள். அடைத்த பல்லுக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும்.

பல்லின் நிறத்திலேயே வைக்கும் அடைப்புக்குக் காம்போசிட் என்று பெயர். பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்தது. நீல ஒளி பட்டதும் இறுகும். இறுகும்போது சற்றுச் சுருங்கும். வைக்கும்போது எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. இதனால் ஓரத்தில் இடைவெளி விழலாம். அங்கே கிருமி புகுந்து, நாம் தின்னும் இனிப்பை அமிலமாக்கும். அடைப்பின் ஓரத்திலே மறுபடி சொத்தை! அடைப்பு கெடுவதற்கு முக்கிய காரணம் இதுதான். இன்னொன்று, உடைந்து போவது. கொட்டைப்பாக்கு கடிப்பது, பல்லால் மூடி திறப்பது, தூக்கத்தில் பல்லை நறநறப்பது எல்லாம் அதற்குக் காரணம்.

நன்றாகப் பேணினால் 10 ஆண்டும் அதற்கு மேலும் தாங்கும். கடைவாய்ப் பல்லில் வைத்த பெரிய அடைப்பு அதற்கு முன்பே போகலாம்.

கூச்சமா? உணவு சிக்குகிறதா? நாக்குக்குச் சொரசொரப்பா? ஓரம் கறுத்திருக்கிறதா? உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள். கறையா, சொத்தையா என்று அவர் பார்த்துச் சொல்வார். "வலிதான் இல்லையே" என்று தள்ளிப்போட்டால் சொத்தை நரம்பை எட்டிவிடும். பிறகு வேர் சிகிச்சை, அல்லது பல்லையே எடுக்க வேண்டிவரும்.

கர்ப்பிணிகளும் தயங்க வேண்டாம். கர்ப்ப காலத்திலும் பல் அடைக்கலாம். 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம்.

காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குங்கள். இடைவேளை இனிப்பைக் குறையுங்கள். அடைத்த பல்லைக் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது!