விழுந்தது மயக்கமா, வலிப்பா?





திருமண மண்டபத்திலோ தராவீஹ் தொழுகையிலோ ஒருவர் திடீரென்று சாய்கிறார். கை கால் இரண்டு தடவை வெட்டுகிறது. உடனே யாரோ ஒருவர் "காக்காய் வலிப்பு" என்கிறார். சொன்னவர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்தச் சொல் மட்டும் விழுந்தவரோடு தங்கிவிடும். அவருக்கு இல்லாத நோய்க்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. அதைவிட ஆபத்து, இதயக் கோளாறால் விழுந்தவரை வலிப்புக்காரர் என்று நினைத்து இதயத்தைப் பார்க்காமல் விடுவது.

மருத்துவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டார். நோயாளிக்கோ நினைவில்லை. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி சோதனை, வலிப்பு நோய் உள்ளவருக்கும் இடைப்பட்ட நாள்களில் சரியாக இருக்கலாம். ஆகவே பக்கத்தில் நின்ற உங்கள் சாட்சியம்தான் பெரிய ஆதாரம். மூன்று நேரங்களைக் கவனியுங்கள்: முன்பு, அப்போது, பிறகு.

முதலில், விழுவதற்கு முன்பு. மயக்கம் என்பது மூளைக்குப் போகும் இரத்தம் சில விநாடி குறைவது. நெடுநேரம் நிற்பது, புழுக்கம், வலி, இரத்தத்தைப் பார்ப்பது, சட்டென்று எழுவது ஆகியவை அதைத் தூண்டும். கண் இருட்டும், காது அடைக்கும், வியர்க்கும், குமட்டும், முகம் வெளுக்கும். வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் போவது. அது உட்கார்ந்திருக்கும்போதும், படுத்திருக்கும்போதும், தூக்கத்திலும் வரும். சிலருக்கு முன்கூட்டியே வினோதமான வாடையோ, வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போன்ற உணர்வோ தோன்றும்.

அடுத்து, அந்த நேரத்தில். கை கால் வெட்டினாலே வலிப்பு என்று முடிவு கட்டக்கூடாது. 1994இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை வேண்டுமென்றே மயங்கச் செய்து படம் பிடித்தார்கள். முழுமையாக மயங்கியவர்களில் 10 பேருக்கு 9 பேர் என்ற அளவில் உடல் துடித்தது. ஆனால் மயக்கத்தில் வரும் துடிப்பு சில விநாடிகளில் அடங்கிவிடும். பெரிய வலிப்பில் உடல் முதலில் விறைக்கும், பிறகு ஒரே தாளத்தில் வெட்டும். அது பெரும்பாலும் 1 முதல் 3 நிமிடம் வரை நீடிக்கும். முகம் நீலம் பாரிக்கலாம். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தால் வலிப்பென்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. சிறுநீர் போவது இரண்டிலுமே நடக்கலாம். அதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

கடைசியாக, பிறகு. மயங்கியவர் படுக்க வைத்ததும் ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்து, "என்ன ஆச்சு?" என்று தெளிவாகக் கேட்பார். களைப்பு இருக்கும், குழப்பம் இருக்காது. வலிப்பு வந்தவர் பல நிமிடம் ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பார், தூங்குவார், எழுந்தால் தலைவலி, உடல்வலி என்பார்.

விழாமலும் வலிப்பு வரும். பிள்ளை பேசிக்கொண்டே இருந்து, சட்டென்று வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், வாயைச் சப்புக்கொட்டினால், "கவனமில்லை" என்று அதட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் வீட்டு நன்னா, நன்னிக்கு அடிக்கடி நேர்வது வேறு. இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்து நின்றதும் அழுத்தம் இறங்கும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவர் என்றால் சர்க்கரையையும் சோதியுங்கள். 3.9க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். சர்க்கரை மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பையும் கொண்டு வரும்.

ஓடும்போது அல்லது படுத்திருக்கும்போது மயங்கினாலோ, நெஞ்சு படபடத்து மயங்கினாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலோ, அது இதயமாக இருக்கலாம். தாமதிக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கூர்மையான பொருள்களை நகர்த்துங்கள். வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுக்க வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயில் கரண்டி வைத்தால் பல்தான் உடையும். 5 நிமிடம் தாண்டினாலும், மறுபடி வந்தாலும், இதுவே முதல் தடவை என்றாலும், கர்ப்பிணி என்றாலும் 995ஐ அழையுங்கள். ஜொகூர் பக்கம் என்றால் 999. மூச்சு சரியாக இல்லை என்றால் இதயத் துடிப்பு நின்றிருக்கலாம். இதயம் நின்ற முதல் விநாடிகளில் உடல் துடிப்பதுண்டு. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, ஏஇடி கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் வீவக புளோக்குகள் பலவற்றின் கீழ்த்தள மின்தூக்கிக் கூடத்திலேயே அது இருக்கிறது.

முடிந்தால் ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அது மருத்துவருக்கு மட்டும். குடும்பக் குழுவில் பகிர அல்ல.

வலிப்பு நோய் தொற்றாது. 10 பேரில் 7 பேர் வரை மருந்தால் வலிப்பின்றி வாழ முடியும். அவர்கள் படிக்கலாம், மணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம். நோன்பு நோற்க விரும்பினால், மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். வேளை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பை அழைத்து வரும்.

புகாரி ஷரீஃபில் வரும் பெண்மணியை நீங்கள் அறிவீர்கள். வலிப்பால் அவதிப்பட்ட அவர், பொறுமைக்குரிய சுவர்க்கத்தைத் தேர்ந்துகொண்டு, தம் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ செய்யும்படி நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். நோயைவிட மானம் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஆகவே யாராவது விழுந்தால், கூட்டத்தை விலக்கி, ஒரு துணியால் போர்த்துங்கள். நேரத்தைக் குறியுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பெயர் சூட்டுவதை மருத்துவரிடம் விடுங்கள்.