உலகத் தோற்றமும் முதல் நிலையும்
(கள்ளக்குறிச்சியில் செய்த பிரசங்கம்)



உலகம் எப்படி வந்தது என்றால் "ஆண்டவன் செய்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆண்டவன் எப்படி வந்தான் என்றால் மாத்திரம் கோபம் வருகிறது. விஞ்ஞானிகளோ இந்த இரண்டாவது கேள்வியைத் தங்கள் சித்தாந்தத்தைப் பார்த்தே கேட்டுக்கொள்ளுகிறார்கள். அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

கல்வராயன் மலைமீது நின்று எத்திசை நோக்கினாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பழைய வெப்பம் வானமெங்கும் இருந்து வருகின்றது. அதில் வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்குதான். ஒன்றையொன்று எட்டாத தூரத்திலுள்ள பாகங்கள் எப்படி ஒரே சூடாயின? ஆதியில் பிரபஞ்சம் கண நேரத்தில் மிதமிஞ்சி உப்பியதால் மேடுபள்ளம் நிரவிப்போயிற்று என்று 1981-ல் ஆலன் கூத் சொன்னார்.

கோமுகிப் பாசனத் தோழர்களே! பரம்படித்தால் வயல் மட்டமாகும். ஆனால் பரம்பு ஓடுவதற்கு முதலில் தண்ணீர் கட்டியிருக்க வேண்டாமா? அதுபோல், உப்பல் தொடங்குவதற்கே ஓரளவு சமமான இடம் முன்கூட்டி வேண்டுமே, அது எப்படி வந்தது என்று கேட்டார்கள். கேட்டவர் யார்? 1982-ல் அக்கொள்கையை வளர்த்தவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்!

அவரும் கூட்டாளிகளும், பிரபஞ்சம் முன்னே மெல்லச் சுருங்கி, பின்பு விரிந்தது என்கிறார்கள். எவ்வளவு கரடுமுரடாகத் தொடங்கினாலும் அச்சுருக்கமே நிரவிவிடும் என்று 2020-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மேடுபள்ளத்திலும் உப்பல் தொடங்கக்கூடும் என்று எதிர்க்கட்சியார் 2016-லேயே கணக்குக் காட்டியிருந்தார்கள்.

சுருக்கவாதிகளுக்கும் சங்கடம் உண்டு. ஈர்ப்பு இழுத்துக்கொண்டே இருந்தால் சுருங்குவது நசுங்கியே தீரும் என்பதற்கு வழிகாட்டும் சமன்பாட்டை நம் நாட்டு அமல் குமார் ராய்சவுத்ரி 1955-லேயே வெளியிட்டார். பின் அது திரும்பி விரிவது எப்படி? அதற்கு அவர்கள் புதுக் காரணம் காட்டியாகவேண்டும்.

2017-ல் ஸ்டைன்ஹார்ட் கட்சியை மறுத்து 33 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். ஆனால் யாரும் யாரையும் நாஸ்திகன் என்று தள்ளிவைக்கவில்லை. தீர்ப்பை வானத்திடமே விட்டார்கள். உப்பல் நடந்திருந்தால் ஆதி ஈர்ப்பலையின் சுவடு அகப்படலாம்; சுருக்கம் நடந்திருந்தால் அகப்படாது. தென்துருவத்தில் தேடியவர்கள் 2021-ல் வெளியிட்ட முடிவிலும் அது அகப்படவில்லை. மிகச் சிறியதாக இருக்கவும் கூடுமாதலால் வழக்கு முடியவில்லை.

தோழர்களே! தெரியாத இடத்தில் சாமியை வைத்து அடைக்காதீர்கள். விஞ்ஞானி சொன்னான் என்று அதையும் வேதமாக்காதீர்கள். "அதற்கு முன்?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு அஞ்சாததே அறிவு.